எழுத்துப் பெட்டியில் குளவிக்கூடு

மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதும் நான் செய்த முதல் காரியம், டவுனுக்குப் போய் நோட்டுகளும் பிரவுன் ஷீட்டும் வாங்கிவந்து அட்டை போட்டதுதான். பாடத்துக்கு ஒரு ரஃப் நோட்டு, ஒரு ஃபேர் நோட்டு. ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டி, முதல் பக்கத்தில் பொருளடக்கத்துக்குக் கட்டம் போட்டு, எல்லாப் பக்கத்துக்கும் ஸ்கேல் வைத்து மார்ஜின் கோடு இழுத்தேன். மேசைமேல் அடுக்கிப் பார்த்தபோது மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. மகள் வந்து நின்று அந்த அடுக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதெல்லாம் யாருக்கும்மா?" என்றாள்.

அவளுக்குப் பதினோரு வயது. பள்ளியில் அடி, திட்டு என்று எதுவும் இல்லை. போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதுவது, எழுதியதை வீட்டில் இன்னொரு முறை ஃபேர் நோட்டில் எழுதுவது, ஒரு விடை தப்பானால் அதை மறுபடி மறுபடி எழுதுவது, இவ்வளவுதான் நடந்தது. காலையில் சீருடையைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாந்தி எடுப்பாள். டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் ஒரு பிள்ளை தினமும் வாந்தி எடுக்குமா என்று எனக்குக் கோபம் வந்தது. நான் வேறொரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. என் வேலையை விட்டேன், அவளையும் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. அதுவரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். நான் ஒன்றைச் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் பெரும்பாலும் அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

எழுத்துக்கென்றே தனியாக ஒரு பாடத்திட்டமும் வரவழைத்தேன். நல்ல கனமான அட்டைப்பெட்டியில் கூரியரில் வந்தது. வாரம் ஒரு பாடம். முதல் நாள் ஒரு பத்தியைப் படித்துக் குறிப்பு எடுக்க வேண்டும், அடுத்த நாள் அதை வைத்துச் சொந்தமாக எழுத வேண்டும், அடுத்து திருத்தம், அதற்கடுத்து ஃபேர் காப்பி. பாடங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அதே முறையைத் தமிழுக்கும் வைத்துக்கொண்டேன். முதல் பாடத்தின் தலையில் ஒரு கேள்வி இருந்தது: யாருக்காக எழுதுகிறாய், அவருக்கு என்ன தெரிய வேண்டும்?

"உனக்காகத்தான் எழுதுறேன்" என்றாள் மகள். "ஆனா உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அப்பறம் எதுக்கு எழுதணும்?"

வாயாடாமல் எழுது என்றேன்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஒரு நாளைக்கு அவள் எவ்வளவு எழுத வேண்டியிருந்தது என்று. காலையில் எழுத்துப் பெட்டிப் பாடம். அது முடிந்ததும் அறிவியலில் ஒரு பத்தி. வரலாறு வாசித்தால் வாசித்ததைப் பற்றி ஒரு பக்கம். கணக்கில் விடை மட்டும் போட்டால் போதாது, எப்படிப் போட்டாய் என்று வார்த்தையில் எழுது. சாயங்காலம் ஆங்கிலத்தில் டைரி. நான் வெவ்வேறு பாடம் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கோ விடிந்ததிலிருந்து ஒரே பாடம்தான், அது எழுதுவது.

பிள்ளைகள் நேராக எதிர்ப்பதில்லை, வேறு வழி கண்டுபிடிப்பார்கள். அவள் கையெழுத்து பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு வரியில் மூன்று சொல்தான் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பழைய அரண்மனையான மகாலுக்குக் கூட்டிப்போய்த் தூண் தூணாகக் காட்டி, கதை கதையாகச் சொல்லி, திரும்பி வந்ததும் ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். "மகால் பெரியது. தூணும் பெரியது. வெளியே வெயில்" என்று எழுதி அடியில் கோடு போட்டு முடித்துவிட்டாள். அன்றைக்கு மகாலில் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்து, இதைப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று தெரியாத ஆட்களிடமெல்லாம் கேட்டுச் சேர்த்து, கை கோத்து நிற்க வைத்தவள் இவள்தான். அது எங்கே போனது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அது எங்கே போனது என்பது வேறொரு நாளில் தெரிந்தது. எழுத்துப் பாடத்தில் சமையலறையைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விடும், அதைக் கேட்டதும் அம்மா எங்கே இருந்தாலும் திரும்பிப் பார்ப்பாள் என்று எழுதியிருந்தாள். படித்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். அதே வாரம் அறிவியலில் நீராவி வந்தது. குக்கரையே வைத்துத்தான் நடத்தினேன். "நீர் கொதித்து ஆவியானது" என்று ஒரு வரி எழுதினாள்.

"அந்தப் பெருமூச்ச இங்க எழுதலாம்ல?" என்றேன்.

"அது எழுத்து நோட்டும்மா. இது சயின்ஸ் நோட்டு." என்னவோ நான்தான் விவரம் தெரியாதவள் என்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள்.

பிறகு எதை எழுதச் சொன்னாலும் முதலில் அதைத்தான் கேட்டாள். "இது எழுத்துக்கா, பாடத்துக்கா?" எழுத்துக்கு என்றால் கொஞ்சம் அழகு பண்ணுவாள். பாடத்துக்கு என்றால் ஒரு வரி. அதுவும் கொஞ்ச நாள்தான் ஓடியது. மாசி மாதத்தில் ஒரு காலை பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். "கை வலிக்குது" என்றாள். மறுநாளும் கை வலித்தது. அதற்கடுத்த நாளும் வலித்தது. படிக்கச் சொன்னால் படித்தாள், கேட்டால் பதில் சொன்னாள், பேனாவை மட்டும் தொடவில்லை. நான் கெஞ்சினேன், மிரட்டினேன், கடைசியில் கத்தினேன். நான் கத்திய கத்தில் மாடிவீட்டு அக்கா கருவேப்பிலை கேட்கிற சாக்கில் இறங்கி வந்து, என் முகத்தையும் பிள்ளையின் முகத்தையும் பார்த்துவிட்டு, கருவேப்பிலை வாங்காமலே போய்விட்டார்.

என் கணவர் கூட்டுறவு வங்கியில் வேலை செய்கிறார். அதிகம் பேச மாட்டார், பேசினால் சுருக்கென்று இருக்கும். அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னார். "ஸ்கூல் வேணாம்னு பிள்ளையக் கூட்டிட்டு வந்த. இப்ப வீட்டுக்குள்ள அதே ஸ்கூல நடத்திக்கிட்டு இருக்க. அங்கயாவது லீவு உண்டு."

அந்த அட்டை போட்ட நோட்டுகள் மேசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் சும்மா சொல்லவில்லை. திண்டுக்கல் ரோட்டில் இருக்கும் ஒரு பள்ளியில் விசாரித்து வைத்திருந்தார். இடம் இருக்கிறதாம், சித்திரைத் திருவிழா முடிந்ததும் முடிவு சொன்னால் போதுமாம். "திருவிழா முடியிறதுக்குள்ள அவளா ஒரு பக்கம் எழுதட்டும்" என்றார். "எந்தப் பாடமா வேணா இருக்கட்டும். ஆனா நீ சொல்லக் கூடாது, கண்ணக் காட்டக் கூடாது. அவளா எழுதணும். எழுதிட்டான்னா இதப் பத்தி நான் இனிமே வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா அவ ஸ்கூலுக்குப் போகட்டும்."

சொல்லக் கூடாது என்பதுதான் எனக்கு வைத்த ஆப்பு. சொல்லாமல் ஒரு வேலையை நடத்துவது எனக்குப் பழக்கமே இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. அவள் மறுபடி காலையில் சீருடையோடு வாந்தி எடுத்துக்கொண்டு நிற்கிற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதை இன்னொரு முறை பார்க்க என்னால் ஆகாது. சரி என்றேன். பார்த்துவிடலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் நோட்டுகளையெல்லாம் கட்டிப் பரண்மேல் போட்டேன். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு இழுத்து, ஒரு பக்கம் எழுத்துப் பெட்டி இந்த மாதம் என்ன கற்றுக்கொடுக்கிறது என்று எழுதினேன். மறுபக்கம் மற்ற பாடங்களில் என்ன வருகிறது என்று எழுதினேன். பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் விளங்கியது, நான் ஒரே வேலையை அவளிடம் இரண்டு முறை வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று. நடந்ததை வரிசையாகச் சொல்வது எப்படி என்று பெட்டி கற்றுக்கொடுக்கிறதா, அந்த வாரம் வைகையில் எங்கிருந்து எங்கே தண்ணீர் வருகிறது என்று படிக்கிறோமா, அப்படியானால் அந்த ஆற்றை வைத்தே வரிசையைச் சொல்லிக்கொடுத்தால் போயிற்று. அது எழுத்தும் ஆயிற்று, புவியியலும் ஆயிற்று. வாரத்துக்கு ஒரே ஒரு பாடம்தான் எழுத்துக்கு வரும். மற்றதெல்லாம் வாயால் சொல்லலாம், படம் வரையலாம், கை வைத்துச் செய்து காட்டலாம். ரஃப், ஃபேர் என்ற பேச்சே கிடையாது, வெள்ளைத் தாள்தான். சிவப்புப் பேனாவை அரிசி டப்பாவுக்குள் போட்டேன். அளக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்பட்டது, அது தனி எரிச்சல்.

மகளிடம் இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. "கணக்குல எழுத வேணாமா? நெசமாவா?" என்று இரண்டு முறை கேட்டாள். ஒரு வாரம் கணக்குக்கே எழுத்து வந்தபோது, பின்னத்தை எப்படி வகுப்பது என்று தெரியாத ஆளுக்குச் சொல்கிற மாதிரி அரைப் பக்கம் எழுதித் தந்தாள். நன்றாகவே இருந்தது. கை வலிக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் அது நான் சொல்லி எழுதியது, ஒப்பந்தக் கணக்கில் சேராது. தானாக எழுதுவதற்கு ஒரு அறிகுறியும் இல்லை. பங்குனி ஓடிக்கொண்டிருந்தது.

பாடங்களை வைத்தே எழுத்து நடந்ததில் பெட்டியைச் சில வாரம் திறக்கவே இல்லை. ஜன்னலோரம் மர அலமாரியில் சுவரை ஒட்டி அது பாட்டுக்கு இருந்தது. ஒரு நாள், அடுத்த பாடம் என்னவென்று பார்க்கலாம் என்று மூடியைத் தூக்கினேன். வரவில்லை. குனிந்து பார்த்தால் மூடிக்கும் சுவருக்கும் நடுவில், சின்னச் சின்னப் பானைகளை ஒட்டிவைத்த மாதிரி, மண்ணால் ஒரு குளவிக்கூடு. குளவி அதுபாட்டுக்கு உட்கார்ந்து ஈரமண்ணைப் பூசிக்கொண்டிருந்தது.

தோசைக்கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த நேரம் பார்த்து மாடிவீட்டு அக்கா உள்ளே வந்தார். "ஐயையோ, அதுல கை வச்சிராதீக!" என்று என் கையைப் பிடித்தார். "குளவி கூடு கட்டுனா வீட்டுல விசேஷம்ல?" அப்புறம் குரலைத் தணித்து, என் வயிற்றைப் பார்த்து, "என்ன, விசேஷமா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் இதைத் தெரியாதவர்கள் கிடையாது. குளவி மண்ணெடுத்து வந்து ஒரு வீட்டில் கட்டினால் அந்த வீட்டில் யாரோ உண்டாகியிருக்கிறார்கள் என்று பேசிக்கொள்வார்கள். கூட்டை உடைத்தால் ஆகாது என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் மகளுக்குப் பிறகு எனக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், எத்தனையோ விசேஷ வீடுகளில், எத்தனையோ பேர் அடுத்தது எப்போது என்று கேட்டு, நான் சிரித்துச் சிரித்து மழுப்பியிருக்கிறேன். மழுப்பிப் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அக்கா கேட்டபோது சிரிப்பு வரவில்லை. அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கரண்டியோடு சமையலறைக்குள் போனேன்.

அவர் போனதும் மறுபடி கரண்டியோடு வந்தேன். எனக்குப் பெட்டி வேண்டும். மகள் அலமாரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள முட்டை இருக்கும்மா."

"எனக்குப் பாடப் புத்தகம் வேணும்டி."

"புத்தகம் இல்லாமத்தான இம்புட்டு நாளா நடத்துன?"

விசேஷம் என்று ஒருத்தர் தடுக்கிறார், முட்டை என்று ஒருத்தி தடுக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் பெட்டி போயே போய்விட்டது. குளவியே சம்மதித்துத் திறந்துவிடுகிற வரைக்கும் எழுத்துப் பாடத்திட்டம் எங்களுக்கு இல்லை. சரி, இல்லாமலே நடத்திக் காட்டுகிறேன் என்று கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

பிறகு அறிவியல் எல்லாமே அந்த அலமாரிக்குப் போய்விட்டது. அவள் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை இரண்டு பேரும் தேடிப் படித்தோம். குளவி எங்கள் குழாயடியிலிருந்துதான் மண் எடுக்கிறது என்று கண்டுபிடித்து வந்து சொன்னாள். குழாயடி காய்ந்தால் அதற்குக் கஷ்டம் என்று கோடை வெயிலில் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். குளவி ஒரு பச்சைப் புழுவை இழுத்துவந்து பானைக்குள் திணித்ததைப் பார்த்த அன்று சமையலறைக்கு ஓடிவந்து, மூச்சு வாங்க, கையையும் முகத்தையும் வைத்து அதைச் செய்தே காட்டினாள். அவ்வளவு துல்லியம், அவ்வளவு அழகு. இதை அப்படியே எழுதேன்டி என் தங்கமே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு குக்கரைப் போட்டுத் தேய்த்தேன். அந்தக் கோடையில் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பளபளவென்று இருந்ததற்குக் காரணம் அதுதான்.

இதற்குள் சித்திரைத் திருவிழா வந்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க உசிலம்பட்டியிலிருந்து என் கணவரின் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் வந்து விளாங்குடியில் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். அவருடைய அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், சுமை சுமையாகக் கடலையும் பாசிப்பயறுமாக முதல் ஆளாக வந்து இறங்கினார். நல்ல மனுஷி. எனக்கு ஒன்றென்றால் அடுத்த பஸ்ஸில் ஏறி வருகிறவர். வந்தவர் செம்பில் தண்ணீரை வாங்கிக் குடித்துக்கொண்டே அலமாரியைப் பார்த்தார். செம்பு அப்படியே நின்றது.

"ஏத்தா, என்னத்தா இது! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்று ஆசையாக என் முகவாயைத் தொட்டார்.

இல்லை என்றேன். அடுத்து வந்தவர்களும் கேட்டார்கள். குளிக்கப் போனவர்கள் கேட்டார்கள், கோலம் போட்டவர்கள் கேட்டார்கள். இல்லை, இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே பரிமாறினேன். ஒவ்வொரு முறையும் மகள் ஓடிவந்து, "அது மண்குளவி பெரியம்மா, மழை படாத எடமாப் பாத்துக் கட்டும்" என்று ஆரம்பிப்பாள். பெரியவர்கள் பேச்சில் அது எடுபடவில்லை. ஒருத்தர் அவள் கன்னத்தைக் கிள்ளி, "உனக்குத் தம்பிப் பாப்பா வரப் போகுதுடி" என்றார்.

சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது மகளும் கூடவே வந்தாள்.

"அவங்க கேட்டா ஏம்மா உன் முகம் ஒரு மாதிரி ஆகுது?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. "உனக்கு அப்பறம் ரெண்டு தடவை பாப்பா வந்துச்சு. தங்கல. அதான்" என்றேன்.

ஒரு பக்கம் போர்வையைப் பிடித்துக்கொண்டாள், நான் மறுபக்கம் பிடித்தேன், மடித்தோம். விடிந்தால் அழகர் ஆற்றில் இறங்குகிறார், திருவிழா முடியப் போகிறது என்பதும், அவள் ஒரு பக்கமும் எழுதவில்லை என்பதும் எனக்கு நினைவுக்கு வந்தது. பள்ளிக்குப் போனாலும் போகட்டும், காலையில் வாந்தி எடுத்தால் நானே கூட உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்து அனுப்புகிறேன், மறுபடி ஒரு முறை போராடிக் கூட்டிவருகிறேன் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டேன். விட்டுவிடுவதாக மட்டும் இல்லை.

விடியுமுன்பே எல்லாரும் ஆற்றுக்குக் கிளம்பினோம். கூட்டம் வேண்டாம் என்று மகள் வீட்டில் இருந்துகொண்டாள், அவளுக்குத் துணையாக அவள் அப்பாவும். அழகரைப் பார்த்து, அழகர்மேல் பக்தர்கள் பீய்ச்சிய தண்ணீரில் நனைந்து, கூட்டத்தில் செருப்பைத் தொலைத்து, வெயில் ஏறியபிறகு வீட்டுக்குத் திரும்பினோம். என் கணவர் வாசலிலேயே நின்றார். முகத்தில் என்னவோ இருந்தது.

"நான் ஒண்ணுமே சொல்லல" என்றார். "பேப்பர் எங்கப்பா இருக்குன்னு கேட்டா. எடுத்துக் குடுத்தேன். அம்புட்டுத்தான்."

அலமாரியில் கூட்டுக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடியில் கடைசி வரி வரைக்கும் நிறைந்திருந்தது. மகள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் போவதற்குள் உசிலம்பட்டி அக்கா முன்னால் போய்விட்டார். ஈரச் சேலையோடு நின்று, எழுத்துக் கூட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார்.

"வீட்டுக்கு வந்திருக்கும் எல்லாருக்கும். இது மண்குளவியின் கூடு. தயவுசெய்து தொட வேண்டாம். இதைக் கட்டியது ஒரே ஒரு அம்மாக் குளவி. அது எங்கள் குழாயடி மண்ணை உருண்டை பிடித்து வாயில் கொண்டுவரும். பூசும்போது மிக்ஸி ஓடுகிற மாதிரி சத்தம் போடும். நீங்கள் பேசாமல் இருந்தால் உங்களுக்கும் கேட்கும். ஒரு பானை முடிந்ததும் உள்ளே ஒரு முட்டை வைக்கும். பிறகு பச்சைப் புழுக்களைக் கொண்டுவந்து அடைத்து வாயை மூடிவிடும். புழு சாகவில்லை, மயக்கத்தில் இருக்கிறது. செத்தால் அழுகிவிடும், குட்டிக்குச் சாப்பாடு இருக்காது. புழு குளவியாக மாறும் என்று சொல்வது தப்பு. முட்டையிலிருந்து வருகிற குட்டி அந்தப் புழுவைத் தின்றுதான் வளரும். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் அப்படித்தான் நடக்கிறது."

அக்கா நிறுத்தி மூச்சு விட்டுக்கொண்டார். "என்னமா எழுதியிருக்கா!" என்றார். பிறகு தொடர்ந்தார்.

"குளவி, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக் கட்டாது. யாரும் கை வைக்காத இடமாகப் பார்த்துக் கட்டும். எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக யாரும் கை வைக்காத இடம் இந்தப் பெட்டிதான். வேறு காரணம் இல்லை. போன வருடம் மாடிவீட்டு ஆண்ட்டியின் பீரோ மேலும் கட்டியது. அவர்கள் வீட்டில் பாப்பா யாரும் வரவில்லை. ஒரு வாஷிங் மெஷின்தான் வந்தது."

எல்லாரும் சிரித்தார்கள். காப்பிக்குப் பால் கொண்டுவந்த மாடிவீட்டு அக்காவும் சிரித்தார். உள்ளூர எனக்கு, வாஷிங் மெஷினை இன்னும் கொஞ்சம் முன்னால் வைத்திருக்கலாம் என்று தோன்றியது. சிவப்புப் பேனா அரிசிக்குள் கிடந்தது நல்லதாயிற்று.

"நெசமாச் சொல்லு, இது அம்மா குடுத்த பாடமா?" என்று கேட்டார் என் கணவர். "எழுத்துக்கா, சயின்ஸுக்கா?"

"ரெண்டுக்கும் இல்லப்பா" என்றாள் மகள். "ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிருச்சு. அதான் எழுதிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். "ஸ்கூலுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிர்றேன்" என்றார். நான் பக்கத்திலிருந்த துணிமூட்டைமேல் அப்படியே உட்கார்ந்தேன்.

தாளில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அக்கா சிரிப்பு அடங்காமலே அதைப் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"குளவியைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள். எத்தனை முறை கேட்டாலும் சொல்வேன். ஆனால் என்னிடம் கேளுங்கள். அம்மாவிடம் கேட்க வேண்டாம்."

வீட்டில் யாரும் பேசவில்லை. நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன், யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். அந்த நிசப்தத்தில் பெட்டிக்குப் பின்னாலிருந்து குளவியின் சத்தம் நிஜமாகவே கேட்டது.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் மகளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "ஏத்தா, அது எப்ப வெளிய வரும்?"